வடக்கே வைத்த நெருப்பு

செப்டம்பர் 18, புதன்

மேகலா புத்தகம் போட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

செய்தி சொன்னது ஸ்டெல்லா. எங்கள் குழுவில் இருபது வருடமாக இருப்பவள், குன்னூரில் உட்கார்ந்துகொண்டு மலை முழுவதற்கும் தபால்காரி வேலை பார்ப்பவள். "அக்கா, உக்காந்திருக்கீங்களா?" என்றுதான் ஆரம்பித்தாள். அவள் உட்காரச் சொன்னால் எங்கோ நெருப்புப் பிடித்திருக்கிறது என்று பொருள். பிறகு வாட்ஸப்பில் ஒரே ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். பக்கம் முப்பத்தேழு. நடுவில் வட்டம். கிழக்கே காற்று, வடக்கே நெருப்பு, மேற்கே நீர், தெற்கே மண். அம்புக்குறி இடப்பக்கமாகச் சுற்றுகிறது.

என் வட்டம். விக்கா என்கிற இந்த மேலைநாட்டு மந்திர வழிபாட்டின் நூல்களில் எல்லாரும் நெருப்பைத் தெற்கில்தான் வைப்பார்கள், வலமாகத்தான் சுற்றுவார்கள். வடக்கில் வைப்பவள் நான் ஒருத்தி. கோடநாடு காட்சி முனையில் தேவி எனக்குக் கனவில் கொடுத்த வட்டம் அது. இரண்டு தொலைக்காட்சிகளில் சொல்லியிருக்கிறேன். 'தென்னிந்தியாவின் முதல் விக்கா பூசாரிணி' என்று என்னைப் பத்திரிகைக்காரன் எழுதியது அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

எங்கள் முறையில் அச்சுப் புத்தகம் கிடையாது. சடங்குகளும் மந்திரங்களும் எழுதிய குருவின் நிழல் நூலைச் சீடர், குருவின் வீட்டிலேயே உட்கார்ந்து, தன் கையால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. பிழை என்று தெரிந்தாலும் பிழையை அப்படியே எழுத வேண்டும். குரு இறந்தால் அவர் நூலை எரித்துவிட வேண்டும். மேகலா பதினாலு மாதம் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். குளிருகிறதே என்று சுக்குக் காபி போட்டுக் கொடுத்தவள் நான். பாம்புக்குப் பால் வார்த்தேன் என்று சொன்னால் பாம்பு கோபித்துக்கொள்ளும்.

செப்டம்பர் 19, வியாழன்

கோபத்தில் தயிர் உறை ஊற்ற மறந்துவிட்டேன். அதற்கும் மேகலாதான் காரணம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று சமநாள் சடங்கு. பகலும் இரவும் சமமாக நிற்கும் நாள். ஐந்து பேர்தான் வந்தார்கள். ஒரு காலத்தில் முற்றம் கொள்ளாது. நாற்பத்தோரு பேருக்குத் தீட்சை கொடுத்திருக்கிறேன். எல்லாரும் வந்தார்கள், கற்றார்கள், போனார்கள். நன்றி கெட்ட உலகம் என்பதற்குமேல் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நான்கு திசையிலும் விளக்கு வைத்துச் சுற்றி முடித்தபின், செல்லத்தாயி சுண்டல் கிண்ணங்களை எடுத்துக்கொண்டே கேட்டாள். பத்து வருடமாக இந்த வீட்டில் சமைக்கிறாள், என் சடங்கைப் பற்றி அவள் வாயைத் திறந்தது இன்றுதான்.

"ஏம்மா, கோயில்ல வலம்தானே சுத்துவோம்? நீங்க இடமா சுத்துறீங்க. எங்க தேயிலை எஸ்டேட் லயத்துல சாவு வீட்டுலதான் அப்படிச் சுத்துவாங்க."

"உன் கோயில் வேற, என் முறை வேற. சுண்டலைப் பாரு."

"சுண்டல் வெந்துதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவளுக்கும் வாய் நீளம்.

செப்டம்பர் 26, வியாழன்

மூன்று தபால்கள். மின்சார வாரியம் ஒன்று. மேகலாவிடமிருந்து ஒரு கூரியர், கனமாக, புத்தகம்தான். வாங்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது நியூசிலாந்து தபால்தலை ஒட்டிய கடிதம். மேசை இழுப்பறையில் பழைய இரண்டோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். ஏன் திறக்கவில்லை என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. இது என் நாட்குறிப்பு, காவல் நிலையம் அல்ல.

அக்டோபர் 3, வியாழன்

கறுப்பு நூல் வாங்கி வந்தேன். மேகலாவின் படத்தை எடுத்து வைத்தேன். கட்டு மந்திரம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஒன்பது முடிச்சு. நாக்குக்கு மூன்று, கைக்கு மூன்று, பேருக்கு மூன்று.

ஆறாவது முடிச்சில் நிறுத்திவிட்டேன். பயம் இல்லை. மும்மடங்கு விதி. நாம் அனுப்புவது நமக்கு மூன்று மடங்காகத் திரும்பும். சீடர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. நூலைப் பிரித்துச் செல்லத்தாயியிடம் கொடுத்தேன், பாவாடைக் கிழிசல் தைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான் தோன்றியது. மந்திரத்தில் செய்தால்தானே மும்மடங்கு? மைக்கில் செய்தால் விதி பொருந்தாது. அக்டோபர் 31, முன்னோர் நாள். வருடத்தின் பெரிய கூடுகை. கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரிலிருந்து மற்றக் குழுக்காரர்களும் வருவார்கள். அந்தச் சபையில் வைத்து அவளை உரித்துக் காயப்போடுகிறேன்.

எத்தனை நாளுக்குப் பிறகு இன்று சோறு ருசித்தது!

அக்டோபர் 8, செவ்வாய்

மேகலா போன் செய்தாள். வேண்டுமென்றே எட்டுத் தடவை மணி அடிக்க விட்டு எடுத்தேன். கோயம்புத்தூரில் பல் மருத்துவராக இருக்கிறாள். பின்னால் ஏதோ மெஷின் சீறிக்கொண்டிருந்தது. யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான், இவள் என்னோடு பேசுகிறாள்.

"அம்மா, புத்தகம் திரும்பி வந்துருச்சுங்க. அட்ரஸ் ஏதும் தப்பாப் போட்டுட்டனுங்களா?"

"அட்ரஸ் சரிதான். ஆள்தான் தப்பு."

மெஷினை நிறுத்தினாள்.

"கோபமா இருக்கீங்கம்மா. ஜூலைல காமிக்கத்தான் வந்தனுங்க. மூணு தடவை வந்தேன். ஒரு தடவை கண்ணாடி இல்லைன்னீங்க, ஒரு தடவை தலைவலின்னீங்க..."

"முப்பத்தொண்ணாம் தேதி வா. எல்லார் முன்னாடியும் பேசிக்கலாம்."

"வர்றனுங்கம்மா. நீங்க அதுக்குள்ள ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டீங்கன்னா..."

வைத்துவிட்டேன். திருடியவளே வந்து, திருட்டுச் சாமானை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்கிறாள். ஜூலையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தது உண்மைதான். கண்ணாடி என் தலைமேலேயே இருந்ததும் உண்மைதான். அதனால் என்ன?

அக்டோபர் 13, ஞாயிறு, பௌர்ணமி

மேகம். நிலா தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்ததில் மிஸ் ஹாலோவே நினைவு வந்தது.

இவரைப் பற்றி நான் எங்கும் பேசியதில்லை. பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரி. ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பாமல் இங்கேயே ஒரு வீட்டில் தங்கிவிட்டார். அவருக்குக் கடிதம் தட்டச்சு செய்யப் போனவள் நான். இருபத்தெட்டு வயது. கல்யாணம் முறிந்து, அண்ணன் வீட்டில் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்தான் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார். மற்றபடி விக்காவுக்கும் அவருக்கும் பெரிய தொடர்பு ஒன்றும் இல்லை. கொஞ்சம் தெரியும் அவருக்கு. கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்.

கடைசிக் காலத்தில் மனம் குழம்பியிருந்தது. ஜன்னலைக் காட்டி, "உங்க ஊர் வெயில் தப்பான பக்கம் வருது, பிரபா" என்பார். வெயில் எந்தப் பக்கம் வந்தால் என்ன என்று போர்வையை இழுத்துவிடுவேன். இறப்பதற்கு முதல் வாரம் இரண்டு காரியம் கேட்டார். என் நூலை எரித்துவிடு. நீ யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் என் பெயரைச் சொல்.

சரி என்று தலையாட்டினேன். சாகக் கிடப்பவரிடம் யார் முடியாது என்பார்கள்?

அக்டோபர் 14, திங்கள்

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பின்பக்கத்தில் பால் கணக்கு இருக்கிறது. விட்டுவிட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு, தீபாவளி

செல்லத்தாயி அதிரசம் கொண்டுவந்தாள். நான் தகரப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தீட்சை நாளில் சீடரை நிற்க வைத்து, உச்சி முதல் பாதம் வரை சிவப்புக் கயிற்றால் அளந்து, அந்த அளவில் வெட்டி, குரு வைத்துக்கொள்வார். உடம்பையே ஒப்படைத்ததற்கு அடையாளம். கயிறு குருவிடம் இருக்கும் வரை உறவு இருக்கிறது. எரித்துவிட்டால் அவள் யாரோ, நாம் யாரோ. திரும்பச் சேர்க்கும் சடங்கு எந்த நூலிலும் இல்லை. இதுவரை நான் ஒருவர் கயிற்றையும் எரித்ததில்லை. விட்டுப் போனவர்களுடையதுகூட உள்ளேயே கிடக்கிறது.

மேகலாவின் கயிறு மேலேயே இருந்தது. குட்டைப் பெண். அளக்கும்போது கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தாள். "நேரா நில்லுடி" என்று தலையில் தட்டினேன். "'டி' போட்டுப் பேசுறீங்க, எங்கம்மா மாதிரி" என்றாள். அவளுக்கு அம்மா இல்லை.

கயிற்றைத் தனியே எடுத்து உறையில் போட்டேன். மனம் இளகும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. மகள் மாதிரி என்று நினைத்தவள் திருடினால் அது இரண்டு திருட்டு.

அக்டோபர் 31, வியாழன்

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன், எதுவும் விட்டுப்போகக் கூடாது.

மாலை ஆறுக்குமேல் சாலையில் காட்டெருமை நிற்கும் என்பதால் நான்கு மணிக்கே தொடங்கினோம். அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். முன்னோர் பெயர்களைச் சொல்லித் தண்ணீர் விட்டோம். என் முறை வந்தபோது அப்பா அம்மா பெயரைச் சொன்னேன். மேகலா தன் அம்மாவைச் சொன்னாள். பிறகு ஏதோ இன்னொரு பெயரைச் சொல்லத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நான் எழுந்து மைக்கைக் கையில் வாங்கினேன். ஸ்டெல்லா கொண்டுவந்த பெரிதாக்கிய படத்தைத் தூக்கிக் காட்டினேன். வடக்கே நெருப்பு. இடமாகச் சுற்று. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத வட்டம். தேவி எனக்குத் தந்தது. என் மேசையில் உட்கார்ந்து எழுதி, தன் பெயர் போட்டு விற்கிறாள் இந்த டாக்டரம்மா. பத்து நிமிடம் பேசினேன். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. சபை என் பக்கம் சாய்வதை நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அந்தச் சுகத்தை மறைக்கப் போவதில்லை. வெல்லக்கட்டி மாதிரி நாக்கில் கரைந்தது.

மேகலா எழுந்து நின்றாள். அவள் கையில் புத்தகம் இருந்தது.

"இந்த வட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொல்லட்டுங்களாம்மா?" என்றாள்.

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினேன். ஏன் என்று தெரியவில்லை. "சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பல் பிடுங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல. பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, "அம்மாகிட்டருந்துதான் வந்துச்சு. தப்பு என் மேலதானுங்க" என்றாள்.

ஒப்புக்கொண்டாள்! நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு எதிரி உட்கார்ந்துகொண்டால் எரிச்சல்தான் வரும். உறையிலிருந்து கயிற்றை எடுத்தேன்.

"அச்சடிச்சது எல்லாத்தையும் எரிச்சிடு. இல்லன்னா இதை எரிப்பேன்."

"ரெண்டையுமே எரிச்சிடலாம்மா" என்றாள்.

அழுதிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அழவில்லை. வடக்கு விளக்கில் காட்டினேன். நைலான் கலந்த கயிறு, எரியவில்லை, சுருண்டு உருகி நாற்றமடித்தது. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, என் காலைத் தொட்டுவிட்டு, ஐந்தரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

ஸ்டெல்லா நான்கு முறை போன் செய்து பாராட்டினாள். ஐந்தாவது முறை எடுக்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

செல்லத்தாயி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகம் மேசையிலிருந்து எப்படியோ அவள் மடிக்குப் போயிருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூட விடமாட்டாள்.

"அம்மா, இதுல உங்க பேரு போட்டிருக்காங்களே."

"திட்டி எழுதியிருப்பா. வை கீழ."

"திட்டுற மாதிரி இல்லையேம்மா. கேளுங்க." விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "இதில் உள்ள எதுவும் என்னுடையது அல்ல. எழுதியவர் ஐரிஸ் ஹாலோவே. அவரிடமிருந்து பெற்று எனக்குத் தந்தவர் என் குரு பிரபாவதி அம்மா. ஹாலோவே அம்மையாரின் பெயரை எனக்கு முதன்முதலில் சொன்னவரும் அவரே." விரலை எடுத்தாள். "அது யாரும்மா ஹாலோவே?"

கேரட் சீவுகிற கத்தி விரலில் பட்டது. பெரிய வெட்டு இல்லை.

நான் மேகலாவிடம் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை.

"முப்பத்தெட்டாம் பக்கம் எடு" என்றேன். ஸ்டெல்லா அனுப்பிய படத்துக்கு மறுபக்கம். கண்ணாடி தலைமேல் இருந்தது. ஆனாலும் அவளையே வாசிக்கச் சொன்னேன்.

"ஹாலோவே அம்மையார் பிறந்த நியூசிலாந்தில் நண்பகல் வெயில் வடக்கே நிற்கும். ஆகவே அங்கே நெருப்புக்கு வடக்கு. நிழலும் இடமாகவே சுற்றும். அங்குள்ளவர்களுக்கு இது சாதாரண வட்டம். வயதான காலத்தில் அவர் தன் ஊர் வட்டத்தை இங்கே அப்படியே போட்டார். விதிப்படி நாமும் அப்படியே எழுதிவிட்டோம். நம் ஊரில் நெருப்பைத் தெற்கே வைத்து, வலமாகச் சுற்ற வேண்டும். இங்கே இடமாகச் சுற்றுவது ஆட்களைச் சேர்ப்பதற்கு அல்ல, கலைப்பதற்கு."

செல்லத்தாயி நிமிர்ந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்லம்மா?"

சமையலறையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெற்கு ஜன்னல் வழியாக. ஐப்பசி மாதத்தில் அது தெற்கு ஜன்னல் வழியாகத்தான் வரும். இந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

மூன்று கடிதங்களையும் திறந்தேன். மிஸ் ஹாலோவேயின் தங்கை மகள் எழுதியவை. அவளுக்கே எழுபது வயதாகிறது. பெரியம்மாவின் நூல் எரிக்கப்பட்டதா, அவரிடம் கற்றவர்கள் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று முதல் இரண்டிலும் மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். மூன்றாவதில், என்னிடமிருந்து பதில் வராததால் இணையத்தில் தேடி மேகலாவிடம் பேசியதாகவும், 'என் குரு வயதானவர், பதில் எழுதச் சிரமப்படுவார், அவர் உங்கள் பெரியம்மாவைப் பற்றி எங்களுக்கு நிறையச் சொல்லியிருக்கிறார்' என்று மேகலா சொன்னதாகவும் எழுதியிருந்தது.

எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? எனக்காகப் பொய் சொல்ல இவள் யார்? யார் கேட்டது? திட்டியிருந்தால் திட்டியிருப்பேன். சபையில் உண்மையைச் சொல்லியிருந்தால் சாகும்வரை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டு, கையில் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, தப்பு என் மேல் என்றுவிட்டுப் போனாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கட்டில் அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தேன். மிஸ் ஹாலோவேயின் நூல் உள்ளேதான் இருக்கிறது. எரிக்கவில்லை. அவர் இறந்தபோது நான் பாதிதான் பார்த்து எழுதியிருந்தேன், மீதிக்கு அது வேண்டியிருந்தது. முடித்த பிறகும் எரிக்கவில்லை. கோடநாடு காட்சி முனையில் எனக்குக் கனவு எதுவும் வரவில்லை. அங்கே அன்று பயங்கரக் குளிர், சோளம் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

இதை எழுதிவிட்டேன். இனி கிழிக்கப் போவதில்லை.

நாற்பத்தோரு பேரை அழைத்து, அத்தனை பேருக்கும் கலைக்கிற சுற்றைச் சுற்றியிருக்கிறேன். ஒருவரும் நன்றி கெட்டவர் இல்லை. முறைப்படித்தான் போயிருக்கிறார்கள்.

நவம்பர் 9, சனி

காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பதினொரு மணிக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அறுபத்தாறு வருடமாக வராத சொல் இன்றைக்கு வந்துவிடுமா?

"உன் புத்தகத்துல முப்பத்தெட்டாம் பக்கம் பாத்தேன்" என்றேன். "அதுல நிழல் படம் ஒண்ணு போட்டிருக்கலாம். சின்னப் பிள்ளைக்கும் புரியும். அடுத்த பதிப்புல போடு."

மெஷின் சத்தம் இல்லை. சனிக்கிழமை கூட்டம் இருக்குமே என்று நினைத்தேன்.

"அடுத்த பதிப்பு இல்லைங்கம்மா. நீங்க சொன்னபடியே எரிச்சுட்டேன். அச்சகத்துல இருந்ததையும் வாங்கி எரிச்சாச்சு. கொடுத்தவங்ககிட்டயும் திருப்பி வாங்கிட்டேன். ஸ்டெல்லாக்காகூடக் கொடுத்துட்டாங்க."

"உன் கையெழுத்துப் பிரதி?"

"அதுவுந்தானுங்க. எல்லாத்தையும்னீங்களே."

"கம்ப்யூட்டர்ல..."

"அழிச்சுட்டேன்மா." பிறகு, "உடம்பப் பாத்துக்குங்க. அந்தக் கடைவாய்ப் பல்ல இன்னும் காட்டலதானே? யார்கிட்டயாச்சும் காட்டிக்குங்க" என்றாள்.

யாரிடமாவது. இத்தனை வருடம் அவளிடம்தான் காட்டினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கடைத்தெருவுக்கு நடந்தே போய், கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றும் மை பேனா ஒன்றும் வாங்கி வந்தேன். செல்லத்தாயி ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள். சுக்குக் காபி நானே போட்டேன்.

மேகலா உட்கார்ந்து எழுதிய அதே மேசை, அதே நாற்காலி. அவள் விட்டுப்போன புத்தகத்தை, உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே பிரதியை, இடப்பக்கம் விரித்து வைத்தேன். நோட்டை வலப்பக்கம். விரலில் கட்டு இருந்ததால் எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

'இதில் உள்ள எதுவும் என்னுடையது அல்ல' என்று எழுதினேன். 'எழுதியவர் ஐரிஸ் ஹாலோவே' என்று எழுதினேன். என் கையால் அந்தப் பெயரை எழுதுவது, அவருடைய மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததற்குப் பிறகு, இது முதல் தடவை.

என்னைக் குரு என்கிற மூன்றாவது வரியையும் எழுதி, நான்காவதில் நின்றுவிட்டேன். காபி ஆறும்வரை நின்றேன். அடித்துவிட்டு உண்மையை எழுதலாம். எழுத ஆசையாகவும் இருந்தது. ஆனால் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. பிழை என்று தெரிந்தாலும் பிழையை அப்படியே எழுத வேண்டும். நாற்பத்தோரு பேருக்கு இந்த மேசையில் வைத்து நான் சொல்லிக்கொடுத்தது அது.

'ஹாலோவே அம்மையாரின் பெயரை எனக்கு முதன்முதலில் சொன்னவரும் அவரே' என்று, அவள் எழுதியிருந்தபடியே எழுதினேன்.